சந்தனம் வைத்த குச்சி

போடிநாயக்கனூர்,
புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை.

அன்புள்ள தேவி அப்பாவுக்கு,

அனுசியா எழுதிக்கொண்டது. வீட்டில் எல்லோரும் சுகம். மாடு மட்டும் கன்று போட்டதிலிருந்து என்னைத் தவிர யாரையும் கிட்டே விடுவதில்லை. நீங்கள் வந்தாலும் முட்டத்தான் செய்யும், இப்போதே சொல்லிவிட்டேன். மஸ்கட்டில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். லாரியில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால் போதாது, அதை எடுத்துக் குடிக்கவும் வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் நாற்பது வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கிற வரைக்கும் உங்களால் குறுக்கே பேச முடியாது. இன்னொன்று, வீட்டுப் போன் எந்நேரமும் தேவி கையில்தான் இருக்கிறது, இதை அவள் படிக்கக் கூடாது. மேலத் தெரு வினோத்குமார் லீவு முடிந்து புதன்கிழமை உங்கள் பக்கம் கிளம்புகிறான். ஏலக்காய்ப் பொட்டலத்தோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னது எனக்கு ஆறவே இல்லை. "குச்சிய கீழ போட்டுட்டாள்ல, ஊரே பாத்துச்சுல்ல. போதும். தடகளமும் வேணாம், கிடகளமும் வேணாம், நிப்பாட்டு" என்றீர்கள். பக்கத்தில்தான் தேவி நின்றிருந்தாள். உங்கள் குரல் ஸ்பீக்கர் போடாமலே தெரு முனை வரைக்கும் கேட்கும். அவள் ஓடுகிற ஷூவைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து மைதானத்துக்குப் போகவில்லை. நிறுத்துவதென்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குச்சி ஏன் விழுந்தது என்று தெரிந்துகொண்டு நிறுத்துங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாளும்.

இந்தத் தடகளச் சங்கம் நீங்கள் போன பிறகு ஆரம்பித்தது, கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். கல்லூரியில் ஓடிப் பரிசெல்லாம் வாங்கிய அருணா என்ற பெண், இப்போது நம் ஊர் பேங்கில் வேலை பார்க்கிறாள். அவள்தான் சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்து ஓடவிடுகிறாள். ராசிங்காபுரம் போகிற வழியில் ராக்கையா தன் தரிசு நிலத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடுகிறார்கள். நிலத்தில் நிற்கிற வேப்ப மரத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், கோடு அந்த இடத்தில் மட்டும் கர்ப்பிணி வயிறு மாதிரி வெளியே தள்ளிப் போகும். குரங்கணியிலிருந்துகூட ஜீப்பில் தொற்றிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். நானும் எஸ்டேட்டில் காய் எடுத்துவிட்டுத் திரும்பும்போது அங்கே இறங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நாள் முழுக்க ஏலச் செடி அடியில் குனிந்து கிடந்த முதுகுக்கு, அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து ஓடுவதைப் பார்த்தால் அப்படி ஒரு சுகம்.

தேவி தொடர் ஓட்டத்தில் இரண்டாவது ஆள். நாலு பெண்கள், ஒரு குச்சி, ஆளுக்கு ஆள் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதில் ஒரு முறை இருக்கிறது. முதல் ஆள் வலது கையில் கொண்டுவந்து கொடுப்பாள். இரண்டாவது ஆள் அதை இடது கையில் வாங்கி, இடது கையிலேயே பிடித்து ஓடி, இடது கையாலேயே மூன்றாவது ஆளின் வலது கையில் கொடுக்க வேண்டும். நடுவில் கை மாற்றினால் தடுமாறிப்போகும். இங்கேதான் விஷயம்.

தினமும் ஓடிப் பழகியதெல்லாம் தண்ணீர்க் குழாயில் அறுத்த ஒரு துண்டை வைத்துத்தான். அதைத் தேவி இடது கையில் வாங்குவாள், கொடுப்பாள், ஒரு நாளும் கீழே போட்டதில்லை. போட்டிக்கென்று சிவப்பு வர்ணத்தில் புதுக் குச்சி ஒன்று வாங்கினார்கள். ஆயுத பூசை அன்று மைதானத்திலேயே வாழை இலை விரித்து, அந்தக் குச்சி, ஓடுகிற ஷூக்கள், குண்டு, வட்டு எல்லாவற்றையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்துக் கும்பிட்டோம். சூடம் காட்டியதே நம் தேவிதான். குச்சியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு சின்னமனூரில் போட்டி. அந்தக் குச்சி முதன்முதலாக ஓட்டத்துக்கு வந்தது அன்றைக்குத்தான், சந்தனம்கூட முழுசாக அழியவில்லை.

நான் கம்பிவேலி ஓரம் நின்று பார்த்தேன். இடது கையில் சரியாகத்தான் வாங்கினாள். நேர் ஓட்டத்தில் பக்கத்துப் பெண்ணைத் தாண்டியும் விட்டாள். மூன்றாவது ஆள் யார் தெரியுமா? என் சித்தப்பா மகள் ரோஜா. இவளைவிட ஒரு வகுப்புதான் மூத்தவள், ஆனாலும் முறைக்குச் சித்தி. மற்ற பிள்ளைகள் குச்சியை நீட்டும்போது "இந்தா" என்று கத்துவார்கள், இவள் மட்டும் "இந்தா சித்தி" என்பாள். அன்றைக்கும் அப்படியே கத்தினாள். கத்திக்கொண்டே குச்சியை வலது கைக்கு மாற்றினாள். அது ரோஜாவின் முழங்கையில் இடித்து, உருண்டு அடுத்த கோட்டுக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் மரம் மாதிரி நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்தவளை எழுப்பி உட்கார வைத்து, ஏண்டி மாற்றினாய் என்று கேட்டேன். "சாமி கும்பிட்ட குச்சிம்மா. பீச்சாங்கையில எப்டி நீட்டுறது? அதுவும் சித்திக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இது யார் சொல்லிக் கொடுத்த பாடம்? உங்கள் பெரியப்பா வந்திருந்தபோது, காப்பி டம்ளரை இடது கையால் நீட்டினாள் என்று எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பி, வலது கையில் கொண்டுவர வைத்தது நீங்கள்தானே? தப்பென்று சொல்லவில்லை. நல்ல பழக்கம்தான். நானும் அதையே சொல்லித்தான் வளர்த்தேன். பிள்ளை நாம் சொன்னதைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் தண்டனை கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

ஓட்டத்தில் அதெல்லாம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், அருணாவும் சொன்னாள். முதல் ஆளாக ஓடவிடலாமே என்றும் கேட்டேன். வளைவில் ஓட வேறு பெண் இருக்கிறாள், தேவி நேர் ஓட்டத்தில்தான் பறப்பாள் என்றாள் அருணா. தேவி என்ன சொல்கிறாள் என்றால், "நீங்க சொல்லுவீங்க. அப்பா சொல்லணும்ல? கை தன்னால மாறுதும்மா. மத்த மூணு பேரு ஓட்டத்தையும் நான் கெடுக்க மாட்டேன்" என்கிறாள். ஐப்பசிக் கடைசியில் தேனியில் மாவட்டப் போட்டி. அதற்கும் வர மாட்டேன் என்றுவிட்டாள்.

உங்கள் மனதில் இருப்பது குச்சி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். வளர்ந்த பிள்ளை டிரவுசர் போட்டு ஓடுகிறாள் என்று யாரோ அங்கே உங்கள் காதில் ஓதியிருக்கிறார்கள். முழங்கால் வரைக்கும் இருக்கிற டிரவுசர்தான், நானே பார்த்துத்தான் எடுத்தேன். பேசுகிறவர்கள் ஒரு நாள் வந்து அவள் ஓடுவதைப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

அடுத்த ஞாயிறு போன் போடும்போது மாட்டை விசாரிக்க வேண்டாம், மழையை விசாரிக்க வேண்டாம். அவளைக் கூப்பிட்டு, இடது கையால் கொடு என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தப் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. அது வெளியே வருவது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
அனுசியா


போடிநாயக்கனூர்,
கார்த்திகை முதல் வெள்ளி.

அன்புள்ள தேவி அப்பாவுக்கு,

அனுசியா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தேவியே படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பப் போகிறாள். அதனால் அவளை அளவாகத்தான் புகழ முடியும். ஏற்கெனவே தலை கால் புரியவில்லை.

மழை நன்றாகப் பெய்கிறது. போடிமெட்டுப் பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து, ஜீப்பு வெரசாகப் போக முடியவில்லை. காலையில் நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நன்றாக விடிந்துவிடுகிறது. நீங்கள் இங்கே ஜீப்பு ஓட்டிய காலத்தில் ஆளைக் குலுக்காமல் மேடு ஏற்றுவீர்கள் என்று வண்டியில் வருகிற பெண்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். இதையும் அளவாகத்தான் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் போட்டதும் முதலில் மாட்டைத்தான் விசாரித்தீர்கள். அடுத்து மழை. அடுத்து கேஸ் சிலிண்டர். இந்த மனிதருக்கு எழுதியதை மாட்டுக்கு எழுதியிருந்தால் அந்த மாடாவது தலையை ஆட்டியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம்தான் தேவியிடம் கொடு என்றீர்கள். கொடுத்தேன்.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. "ஆத்தா, ஆயுத பூசைக்கு நம்ம ஜீப்புல கியர் குமிழுக்குக்கூட சந்தனம் வைப்பேன்ல. மறுநா அந்தக் கியர எந்தக் கையில போட்டேன்? பீச்சாங்கையிலதான. வலது கை ஸ்டேரிங்க விட்டுச்சுன்னா மேட்டுல அம்புட்டுப் பேரும் பள்ளத்துல. ஒரு நாளாச்சும் சாமி கோவிச்சுச்சா? எந்தக் கைக்கு எது சோலியோ அதச் செய்ய வேண்டியதுதான். நீ அந்தக் கையாலயே குடு. சாமி ஏதும் கேட்டா எங்கிட்ட வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்" என்றீர்கள்.

நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன். இவ்வளவு எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை வருஷம் அந்த ஜீப்பில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கை கியர் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தேவி போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பெட்டி வெளியே வந்தது. அடுத்த போட்டி எப்போது என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நிப்பாட்டச் சொன்னவர் தேதி கேட்கிறாரே என்று நான் சொல்லிக் காட்டவில்லை. இப்போது சொல்லிக் காட்டிவிட்டேன்.

தேனிப் போட்டிக்கு எஸ்டேட்டில் லீவு கேட்டேன். மலையாளத்துச் சூப்பர்வைசர் சேட்டன், "மோள் ஓடுன்னதா? போயிட்டு வா" என்று உடனே விட்டார். அன்றைக்குத் தூறல். அதே சிவப்புக் குச்சிதான், அருணா அதைத் துடைக்கக்கூட இல்லை. தேவி வாங்கினாள், ஓடினாள். ரோஜாவிடம் நெருங்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இந்தா சித்தி" என்று சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் குச்சி ரோஜா கையில் இருக்கிறது, அவள் வளைவில் போய்க்கொண்டிருக்கிறாள். தேவி கோட்டிலேயே நின்று தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெண் கொஞ்சம் பின்தங்கிவிட்டாள், அதனால் இரண்டாவதாகத்தான் வந்தார்கள். முதல் இரண்டு குழுவும் அடுத்த போட்டிக்கு மதுரைக்குப் போகலாமாம். நான் சத்தம் போட்டதில் தொண்டை கட்டி, இன்றைக்கு வரைக்கும் சரியாகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கழுத்திலிருந்து மெடலைக் கழற்றி, "இந்தாம்மா" என்று என்னிடம் நீட்டினாள். இடது கையால். என் வாய் சும்மா இருக்குமா? "அடியே, சோத்தாங்கையில குடுடி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது.

மெடலைச் சாமி படத்தில் மாட்டச் சொன்னேன். வேண்டாம், அப்பா தைக்கு வருவார், அவர் கையில்தான் கொடுப்பேன் என்று சுருட்டி அந்த ஷூப் பெட்டியில் வைத்திருக்கிறாள். எந்தக் கையால் கொடுப்பது என்று அவளுக்கு இப்போது ஒரே யோசனை. என்னைக் கேட்டாள். வருகிறவரிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

லீவு கேட்டாகிவிட்டதா? நீங்கள் நல்ல சுகத்தோடு வந்து சேர வேண்டும். அவள் எந்தக் கையால் நீட்டினாலும் சரி, நீங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
அனுசியா