உத்தரவாதத்தில் சேராத குரல்

அன்புள்ள என் வீட்டம்மாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும், உன் கழுத்துத் தையலும், உன் அண்ணன் சமையலும் எப்படி என்று எழுது. போன கடிதத்தில் "இருக்கேன்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாய். கவரில் என் முகவரியே அதைவிட நீளம்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். குரல் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பதினோரு வாரமாகச் சொன்னேனே, ஒரு வேலையும் நடக்கவில்லை. லேப்டாப் செத்துக் கிடந்தது. ஃபோனில் தட்டி அனுப்பினால் பாதியிலேயே பதில் போட ஆரம்பித்துவிடுவாய். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

குரல்வளையை எடுக்கிற ஆபரேஷனுக்கு முந்தின வாரம், துணி அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு வாக்கியம் படித்தாயே, மொத்தமும் அந்த லேப்டாப்புக்குள்தான் இருந்தது. நீ தட்டுவதையெல்லாம் உன் குரலிலேயே பேசவைத்துத் தருவதாகப் பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லியிருந்தார். இருமல், தும்மல், தெருவில் போகிற வண்டி ஹாரன் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துச் சுத்தமாக அனுப்புவது என் பொறுப்பு. இன்னொரு காப்பி எடுத்து வைங்க என்று நீ இரண்டு தடவை சொன்னாய். நான் எடுக்கவில்லை. லீவு முடிந்து இங்கே வந்த ஒன்பதாம் நாள், சார்ஜரில் இருக்கும்போதே லேப்டாப் சட்டென்று அணைந்தது. அதன்பின் ஒரு விளக்குகூட எரியவில்லை. நடுவழியில் நின்றுபோன எத்தனையோ லிஃப்டுகளைக் கிளப்பியவன், அதன்முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

வாங்கும்போது உலகமெல்லாம் செல்லும் வாரண்டி என்றார்கள். இங்கே கேட்டால் லேப்டாப்பின் நம்பர் இந்த நாட்டுக் கணக்கில் இல்லையாம். அங்கே கேட்டால், பொருள் இருக்கிற நாட்டில்தான் பார்க்க வேண்டுமாம். கெஞ்சிக் கூத்தாடி கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பி வைத்தேன். சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு கீறல், அது உங்கள் தப்பு என்று ஃபோட்டோ அனுப்பினார்கள். சண்டை போட்டேன். கடைசியில் இறங்கி வந்து, மதர்போர்டையே மாற்றித் தருகிறோம், புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார்கள். உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டேன். அதெல்லாம் போர்டோடு போய்விடும், பழைய போர்டைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள்.

ஒன்பதாவது தடவை கூப்பிட்டபோது ஒரு பெண் எடுத்தார். அவரிடம்தான் முதன்முதலாக உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். அதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே, சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயம். கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "சார், அத எங்ககிட்ட விடாதீங்க. அப்படியே திருப்பி வாங்கிடுங்க. போர்டுலயே கை வைக்கிறவங்க யாராவது இருப்பாங்க, தேடுங்க" என்றார். உடனே எல்லோருக்கும் கேட்கும்படி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவர் பேர் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

லேப்டாப்பைத் திருப்பி வாங்கி, எங்கள் லிஃப்ட் கம்பெனி டிப்போவில் விசாரித்ததில் ஒரு இடம் தெரிந்தது. சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு அம்மாள், நம் வயசுதான் இருக்கும். முன்பு காது கேட்கும் மெஷின்களை ரிப்பேர் பார்த்தவராம். பின்மூடியைக் கழற்றி, என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். என்னத்தைச் சொல்ல! ஆகாயத்திலிருந்து ஊரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தெருத்தெருவாகச் செம்புக் கோடுகள், கறுப்புக் கட்டடங்கள், எள்ளில் பாதிகூட இல்லாத துணுக்குகள் நூறு நூறாக வரிசை பிசகாமல். இருபது வருஷமாகப் பெரிய பெரிய மோட்டார்களோடு மல்லுக்கட்டுகிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

போர்டு முழுக்க ஸ்பிரிட் தடவி, லேசாகக் கரண்ட் விட்டார். எல்லா இடமும் ஈரத்தில் மின்னிக்கொண்டிருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் உலர்ந்தது. சூடாகிற இடம்தான் முதலில் காயும், கோளாறு அங்கேதான் என்றார். அந்தத் துணுக்கை எடுத்துவிட்டு, வேறொரு செத்த போர்டிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். மூச்சுவிட்டால் பறந்துவிடுமோ என்று நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். பதினோரு வாரம் இரண்டு நாடுகளில் முடியாதது, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது.

ஃபைல் கெடவில்லையா என்று பார்க்க ஒன்றைப் போடச் சொன்னார். கைக்கு வந்ததைத் தட்டினேன். "நான் ஒண்ணும் கோவமா இல்ல" என்று நீ சொன்னாய். அந்த அம்மாளுக்கு நம் பாஷையில் ஒரு எழுத்துத் தெரியாது. பக்கென்று சிரித்து, "இவங்க யார் மேலயோ பயங்கரக் கோவத்துல இருக்காங்க" என்றார்.

வார்த்தை புரியாமலே ஒருவருக்கு நீ புரிந்துவிட்டாய். நாலு மாசம் கழித்துக் கேட்கிறேன் அந்தக் குரலை. இத்தனை வருஷம் கூடவே இருந்து, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நான் முகம் துடைக்கும்வரை காத்திருந்தார்.

இப்போது மூன்று காப்பி எடுத்தாகிவிட்டது. ஒன்று டீச்சருக்குப் போய்விட்டது. மூன்று வாரத்தில் உன் ஃபோனில் வந்துவிடும் என்கிறார்.

உன் அண்ணன் எழுதியிருந்தார். கட்டி மறுபடி வந்திருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேனுக்குக் கொடுத்த தேதியை நீ இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டாயாம். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும்தான் பயத்தில் பதினோரு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை போய்விட்டு வா. டாக்டர் சொல்வது எதுவாக இருந்தாலும் அண்ணனிடம் விட்டுவிடாதே. நீயே தட்டி, உன் குரலிலேயே என்னிடம் சொல். நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நெடுங்காலம் இருக்க வேண்டும்.

என்றும் உன்,
வீட்டுக்காரன்