சுவருக்கு அந்தப் பக்கம் பாடுகிறவள்

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வாசல்வரை வந்து நிற்கட்டும். உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் விருப்பம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. உன் அத்தான் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய கண்ணாடியைத் தேடுகிறார்.

புனைபெயரில் அனுப்பினால் அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்தாயாக்கும்! சபைப் பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு வந்தவற்றை, ஆராதனை முடிந்தபின் ஞாயிறு பள்ளி அறையில் உட்கார்ந்து வகை பிரித்தோம். போதகர், பாடகர் குழுத் தலைவி, நான். கல்லூரியில் சிறுகதைப் பாடம் நடத்துகிறவள் என்பதால் பிரிக்கும் முறையை நான்தான் சொன்னேன். கதை என்றால் ஒரு முரண் வேண்டும். மனிதனோடு மனிதன், இயற்கையோடு, ஊரோடு, தன் மனதோடு, கடவுளோடு. காணிக்கைக் கூடைகளையே வரிசையாக வைத்து, வகைக்கொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தோம். கடவுளுக்கு ஒதுக்கிய கூடை காலியாகவே கிடந்தது. நம் சபையில் யார் துணிந்து அதை எழுதுவார்கள்?

உன் கதையைத் தலைவிதான் உரக்க வாசித்தார். கணவனை இழந்த ஒருத்தி. விடிகிற நேரத்தில் துதிப்பாட்டுப் பாடும் பக்கத்து வீட்டு அம்மா. இவள் கரண்டியால் சுவரைத் தட்டுகிறாள். அந்த அம்மா குரலை உயர்த்துகிறாள். இவள் கரண்டியை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுக்கிறாள். போதகர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தலைவிக்குப் பாதியிலேயே சந்தேகம் வந்து, “ஐயா, இந்தப் பாடுற அம்மா நான் இல்லையே?” என்று கேட்டார். “நீங்க அவ்வளவு காலையில எங்கம்மா எழுந்திரிக்கிறீங்க?” என்றார் போதகர். கதை ‘மனிதனோடு மனிதன்’ கூடைக்குப் போனது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் சவரம் செய்துகொண்டே அதே பாட்டைச் சீட்டியடிப்பான், மூன்றாம் அடியை மட்டும் எப்போதும் தப்பாக, என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அங்கே உன்னைப் பிடித்துவிட்டேன். அது உன் வீட்டுக்காரர், மறைந்த நம் மாப்பிள்ளையின் தப்பு.

என்ன எழுத்தடி இது! பொறாமையாகக்கூட இருந்தது. வேதத்தில் வரும் முதல் கொலையை நினைத்துப் பார். தன் காணிக்கையை ஏற்காத கடவுள்மேல் அண்ணனுக்குக் கோபம்; அடி விழுந்தது தம்பிமேல். உன் கதையிலும் கோபம் ஓரிடம், அடி ஓரிடம். ஆனால் உன் கதைப்பெண் அந்த அண்ணன் செய்யாததைச் செய்கிறாள். பக்கத்து வீட்டுக்குப் போய், “நாளைக்கும் பாடுங்க. நான் தட்டத்தான் செய்வேன்” என்கிறாள். அதோடு முடித்துவிட்டாய். ஒரு கண்ணீர் இல்லை, ஒரு வசனம் இல்லை. எனக்கு அந்தத் தைரியம் வராது.

ஆனால் நம் பத்திரிகையின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. எந்தக் கதையானாலும் கடைசியில் சமாதானம் ஆகியே தீரவேண்டும். தலைவி, “ரெண்டு பேரும் சேர்ந்து பாடுற மாதிரி மாத்திடலாம், ரெண்டு வரிதானே” என்றார்.

நான் எழுந்து உன் கதையை எடுத்துக் காலிக் கூடையில் போட்டேன். இது பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை, அந்தப் பாட்டு யாருக்குப் பாடப்படுகிறதோ அவரோடு நடக்கிற சண்டை என்றேன். வேதத்தில் விடியும்வரை அவரோடு மல்லுக்கட்டியவன் நொண்டிக்கொண்டே ஆசீர்வாதத்தோடு போனதையும், சாம்பலில் உட்கார்ந்து அவரிடம் நியாயம் கேட்டவனை விட்டுவிட்டு, அவருக்காகப் பரிந்து பேசிய சிநேகிதர்களை அவர் கடிந்துகொண்டதையும் சொன்னேன். போதகர் கடைசிப் பக்கத்தை வாங்கி மறுபடி வாசித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. “‘தட்டுங்கள், திறக்கப்படும்’னு சொன்னவர் கதவைத்தான் தட்டணும்னு சொல்லலையே” என்றார். முடிவு அப்படியே இருக்கட்டும், முதல் பரிசு என்றார். தலைவி மட்டும், “அந்தம்மாவுக்குச் சுருதி சேரலைன்னு இருக்கே, அதையாவது எடுத்துடலாமே?” என்று கெஞ்சிப் பார்த்தார்.

இனிதான் உன்னிடம் கேட்கவேண்டியது. பரிசுக் கதை சொந்தப் பெயரில்தான் அச்சாகும். நீ உன் உண்மைப் பெயரை எழுதி ஒட்டி அனுப்பிய உறையைப் பிரிக்காமல் நான் வைத்திருக்கிறேன். அம்மா பத்திரிகையை அட்டை முதல் அட்டைவரை படிப்பாள். நீ வாராவாரம் கோவிலுக்குப் போவதாகத் தொலைபேசியில் சொல்லி, பிரசங்கத்தையும் சொல்கிறாய். அது பழைய இதழ்களில் வந்த நம் போதகரின் பிரசங்கம் என்று எனக்குத் தெரியும். அம்மாவோ, உன் ஊர்ப் போதகர் நம்மவரைவிட நன்றாகப் பேசுகிறார் என்கிறாள்!

கதை வந்தால், நீ கோவில் பக்கமே போவதில்லை என்பது முதல் அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும். வேண்டாம் என்றால் சொல், உறையை அப்படியே திருப்பி அனுப்புகிறேன், யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று. அப்பா இறந்த வருஷம், குடும்ப ஜெபத்தின் நடுவில் அம்மா ஆமென் சொல்லாமல் எழுந்து அடுக்களைக்குப் போவாள். நீ சின்னவள், கவனித்திருக்கமாட்டாய். அவளிடம் மறைக்க வேண்டியது அவ்வளவாக இல்லை என்று நினைக்கிறேன்.

இத்தனை நாளும் “அவளுக்குச் சமாதானம் தாரும்” என்றுதான் உனக்காகக் கேட்டு வந்தேன். இப்போது அதை விட்டுவிட்டேன். “அவள் பேசி முடிக்கிறவரை அங்கேயே இரும்” என்று மட்டும் கேட்கிறேன்.

என்றும் உன் பக்கம் இருக்கும்,
அக்கா