சத்தம் போடாத ரேடார்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்காலைப் பற்றிப் போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே லாரிகளின் பின்பக்கம் ரேடார் பொருத்துகிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆள் இருந்தால் கேபினில் பஸ்ஸர் கத்தும். நேற்று ஒரு டிரைவர், "உன் ரேடார் தங்கம்ப்பா! மாட்டினதுலேருந்து ஒரு சத்தம் இல்ல" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு உடனே சந்தேகம். நாள் முழுக்க ஆள் நடமாடும் யார்டில் எப்படிச் சத்தம் வராமல் இருக்கும்? பின்னால் போய் நின்று, "ரிவர்ஸ் எடுங்கண்ணே" என்றேன். லாரி வந்துகொண்டே இருந்தது. துள்ளி ஒதுங்கிவிட்டேன், பேன்ட்டில் சேறு, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பஸ்ஸரைத் திறந்தால் உள்ளே பஞ்சு!

"சும்மா சும்மா கத்துதுப்பா, தலைவலி."

"கத்தத்தானேண்ணே மாட்டினேன்?" என்று பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன்.

நீங்களும் போனில் 'எல்லாம் நல்லபடி' என்றே சொல்கிறீர்கள். முன்பு போன் அடித்தால் நீங்களே எழுந்து வந்து எடுப்பீர்கள். இப்போது அம்மா கொண்டுவந்து தருகிறாள். விழுந்தீர்களா?

எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதையே கவரில் வைத்து அனுப்புங்கள். எனக்குப் பார்க்கத் தெரியாது, இருந்தாலும் பார்க்கிறேன்.

அடுத்த லாரி வந்துவிட்டது.

உங்கள் மகன்