என் உதட்டில் அவள் பாட்டு

பிப்ரவரி 11

இன்று படப்பிடிப்பு இல்லை. கேமராவுக்கு ஏதோ கோளாறாம். வீட்டிலேயே சாதகம். காம்போதியை விஸ்தாரமாகப் பாடிக்கொண்டிருந்தேன். பின்னால் தங்கை தம்புராவை மீட்டியபடி கூடவே பாடினாள். ஊரார் என்ன பேர் சொன்னாலும் எங்களுக்கு அவள் சிட்டுதான். கச்சேரியிலும் அவள் இடம் எனக்குப் பின்னால்தான்.

அம்மா துணி மடித்துக்கொண்டே, “சிட்டு, கொஞ்சம் அடக்கி வாசி. அக்கா குரல் கேக்கவே மாட்டேங்குது” என்றாள்.

சிட்டு சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 15

தோட்டத்துப் பாட்டுக்கு ஒத்திகை. மைக்கை மரக்கிளையில் இலைகளுக்குள் ஒளித்துக் கட்டியிருக்கிறார்கள். நான் பூவைப் பறித்துக்கொண்டே அதன் அடியில் வந்து நின்று பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் புதருக்குப் பின்னால். பிடில்காரரை எறும்பு கடித்ததில் பாட்டுக்கு நடுவே ஒரு புது ராகமே பிறந்தது. டைரக்டருக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. கேமரா ஓடும்போதெல்லாம் “ஆலாபனைய சீக்கிரம் முடிங்கம்மா, பிலிம் ஓடிட்டே இருக்கு” என்பார்.

ஓடட்டுமே. தியேட்டருக்கு ஜனங்கள் எதற்கு வருகிறார்கள்? அவர் வைத்த மரத்தைப் பார்க்கவா?

பிப்ரவரி 17

எங்கே ஆரம்பிப்பது.

காலையில் எழுந்தால் தொண்டை கட்டிவிட்டது. உப்புத் தண்ணீர், ஆவி, எதற்கும் அசையவில்லை. வெறும் காற்றுதான் வருகிறது. அப்படியே ஸ்டூடியோவுக்குப் போனேன். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நாளைக்கு செட்ட பிரிக்கணும். இடத்த வேற கம்பெனிக்கு விட்டாச்சு.”

ஆர்மோனியக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னார். “தங்கச்சிக்குப் பாட்டு தலைகீழாத் தெரியுமே. அது மைக்குக்கு அந்தப் பக்கம் மறைவா நின்னு பாடட்டும். நீங்க வாய மட்டும் அசைங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

சிட்டு என்னைப் பார்த்தாள். “அக்கா சொன்னா பாடறேன்.”

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

பாடினாள். நான் கையில் பூவோடு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவள் தனியாகப் பாடி நான் கேட்டதே இல்லை. ஒரே வீடு, ஒரே பாய், ஒரே குரு. ஆனாலும் கேட்டதே இல்லை. எப்போதும் என் குரல்தான் குறுக்கே நின்றிருக்கிறது.

முடிந்தது. ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, “இதுக்கு மேல என்னங்க வேணும்?” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிப்ரவரி 18

இன்னும் பேச முடியவில்லை. நல்லதுதான். பேச முடிந்தால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன்.

ஏப்ரல் 26

படம் வெளியானது. பகல் காட்சிக்கு நாங்கள் மூவரும் போனோம். தோட்டத்துப் பாட்டு முடிந்ததும் கூட்டம் விடவில்லை. மறுபடி ஓட்டு, மறுபடி ஓட்டு என்று ஒரே கூச்சல். ஆபரேட்டர் ஓட்டினார்.

வெளியே வந்தால் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர், நெடுநாள் ரசிகராம், சொன்னார்: “முன்னெல்லாம் உங்க குரல் கொஞ்சம் கனமா இருக்கும், தப்பா நெனைக்காதீங்க. இப்ப என்னமா குழைஞ்சு வருது!”

சிரித்தேன். அந்தப் பாராட்டு காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இறங்கியது. சிட்டு செருப்பு வாரைச் சரி செய்வதுபோலக் குனிந்தே இருந்தாள். அந்த வாருக்கு ஒன்றுமில்லை. நான் பார்த்தேன்.

‘நான் பாடலைங்க’ என்று சொல்ல வாய் வந்ததா? வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா?

மே 9

கிராமபோன் கம்பெனிக்காரர் வந்தார். அந்தப் பாட்டை இசைத்தட்டாகப் போட வேண்டுமாம். அவர் போனதும் அம்மா, “சிட்டுவயும் கூட்டிட்டுப் போ” என்றாள்.

“அவ எதுக்கு?”

“எதுக்கா?” என்றாள் அம்மா. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையே போதும்.

மே 14

தனியாகவே போய்ப் பாடிவிட்டு வந்தேன். அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இரு என்று சிட்டுவிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. குனிந்து என் புடவை மடிப்பைச் சரி செய்துவிட்டு, “நல்லாப் பாடிட்டு வாக்கா” என்றாள்.

சண்டை போட்டிருக்கலாம் அவள். போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜூன் 20

இசைத்தட்டு வந்துவிட்டது. ஒரு இடத்தில்கூடச் சுருதி விலகவில்லை, ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. அது எனக்குத் தெரியும்.

கடைத்தெருவில் பாத்திரக் கடையில் அதைப் போட்டிருந்தார்கள். முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். கடைக்காரர் யாரிடமோ சொல்கிறார்: “படத்துல இருந்த மாதிரி இல்லப்பா. எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா என்னமோ இல்ல.”

வீட்டுக்கு வந்தால் சிட்டு அதே தட்டைச் சுழலவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். “அக்கா, அனுபல்லவில அந்த ரெண்டாவது சங்கதி இருக்கே, எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது.”

நிஜமாகத்தான் சொல்கிறாள். அதுதான் பொறுக்கவில்லை. அவளுக்கும் கொஞ்சம் வயிறு எரிந்தால் என்ன? எல்லா எரிச்சலையும் நானே ஒற்றை ஆளாகச் சுமக்க வேண்டுமா?

ஜூலை 3

ஆர்மோனியக்காரர் வந்தார். இன்னொரு கம்பெனியில் புது முறையாம். பாட்டை முதலிலேயே பதிந்து வைத்துக்கொண்டு, அப்புறம் அதை ஓடவிட்டு நடிப்பார்களாம். கதாநாயகி புதுசு. முகம் செதுக்கி வைத்ததுபோல. வாயைத் திறந்தால் காக்கை தோற்றுவிடும். பாட ஒரு ஆள் வேண்டும். சிட்டுவைப் பற்றி இவர் சொல்லி வைத்திருக்கிறார்.

சிட்டு, “அக்கா வேண்டாம்னா போகல” என்றாள்.

“போயேன். உன்ன யாரு கட்டிப் போட்டிருக்கா? ஆனா ஒண்ணு, படத்துல உன் பேரு கூடப் போட மாட்டான்.”

அவள் பாயின் கோரையைப் பிய்த்தாள். பிறகு மெதுவாக, “உன் படத்துலயும் போடலயேக்கா” என்றாள்.

கோபமே இல்லை அந்தக் குரலில். பாடுகிற அதே குரல். ஆர்மோனியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜூலை 4

பேச்சு வார்த்தை இல்லை.

ஜூலை 12

சிட்டு பதிவுக்குப் போய்விட்டாள். எனக்குக் கச்சேரி. பின்னால் உட்கார வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்தோம். நல்ல பெண்தான். ஆனால் நான் மேல் ஸ்தாயியில் போய் நிற்கும்போது கீழே யாருமே இல்லை. நடுவில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மிருதங்கக்காரர், “என்னம்மா வேணும்?” என்று சைகையில் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

அக்டோபர் 5

யாரிடமும் சொல்லாமல் அந்தப் படத்துக்குப் போனேன்.

பாட்டு வந்தது. சிட்டுதான். முதல் இழுப்பிலேயே உடம்பு சிலிர்த்தது. திரையில் அந்தச் செதுக்கிய முகக்காரி வாயைத் திறந்து நின்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது, ஆனால் சிட்டுவின் மேல் இல்லை. இவள் யார் என் தங்கை குரலைத் தன் வாயில் வைத்துக்கொள்ள? சரணத்தில் சிட்டு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறுவாள். இந்தப் பெண் அந்த இடத்தில் உதட்டை மூடிவிட்டுக் கண்ணைச் சிமிட்டுகிறாள்! சிட்டு எங்கே மூச்சு வாங்குவாள் என்று எனக்குத் தெரியும். இவளுக்கு என்ன தெரியும்?

பக்கத்து நாற்காலி அம்மாள், “என்னமா பாடறா பாருங்க!” என்றாள்.

“அவ பாடல.”

“பின்ன யாரு?”

“என் தங்கச்சி.”

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அக்டோபர் 9

அடுத்த மாதக் கச்சேரிக்கு நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்காரர் வந்தார். என் பேர், சிட்டு பேர் இரண்டையும் போட வேண்டும், ஒரே அளவு எழுத்தில், என்றேன். சிட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இனிமேல் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வந்து, பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிட்டாள்.

“யார் பேரு மொதல்லம்மா?” என்று கேட்டார் அச்சகத்துக்காரர்.

“மூத்தவ பேருதான்” என்றேன். அதற்கு மட்டும் மனசு இடம் கொடுக்கவில்லை.