ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்

நார்ஷோப்பிங்
14 செப்டம்பர் 1997

மாரித் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இன்று மனமில்லை. தோர்ஷ்டன் முன்பு என் கணவர், இப்போது உங்கள் கணவர். அதில் எனக்குப் பேச்சே இல்லை. தூவா விஷயம் வேறு. அவள் என் வயிற்றில் பிறந்தவள்.

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து வந்தவள், என் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துப் பல்லி மாதிரி ஊர்கிறாள். "என்னடி இது, ஒம்பது வயசுல?" என்றேன். "மாரித் சொல்லிக் குடுத்தா. தினமும் செய்யணுமாம்" என்கிறாள்.

யாரைக் கேட்டு? அவள் தவழாமலே எழுந்து நடந்த பிள்ளை. பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். நீங்கள் இப்போது வந்து அவளைத் தவழ வைக்கிறீர்கள்! என் வாரத்தில் இந்தக் கூத்து வேண்டாம்.

சோல்வெய்க்

18 செப்டம்பர் 1997

அன்புள்ள சோல்வெய்க்,

உங்களைக் கேட்காமல் செய்தது என் தப்பு. மன்னித்துவிடுங்கள்.

தூவா எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை தானாக நீண்டு, பென்சில் கோட்டை விட்டு ஓடிவிடும். கைக்குழந்தைகளுக்கு அப்படித்தான் இருக்குமாம். ஒரு வயதுக்குள் அடங்கிவிட வேண்டுமாம். இவளுக்கு முழுசாக அடங்கவில்லை என்கிறார் இந்தப் பயிற்சியைத் தரும் எப்பா என்பவர். ஆகவே அவள் சோம்பேறியும் இல்லை, மந்தமும் இல்லை. எல்லா டாக்டர்களும் இதை ஒத்துக்கொள்வதில்லை என்றும் அவரே சொன்னார். மெதுவாக ஊர்வதும் மல்லாந்து படுத்துத் தலையைத் திருப்புவதும் யாருக்கும் கெடுதல் இல்லையே என்று செய்து பார்க்கிறோம். நாள் தவறாமல் செய்ய வேண்டும், அது ஒன்றுதான்.

பூட்ஸ், பல் பிரஷ், சைக்கிள் எல்லாம் இரண்டிரண்டாக வாங்கி, அவளை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பகிர்ந்துகொண்டோம். இதை அப்படிப் பாதியாக்க முடியவில்லை. உங்கள் வாரம் முடிந்து வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நான் வேண்டுமானால் வந்து காட்டித் தருகிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? என் கையில் தலையைக் கொடுத்துப் படுத்திருப்பவள், காய்ச்சல் வந்தால் உங்களைத்தான் கூப்பிடுகிறாள். எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது.

உங்கள்
மாரித்

2 நவம்பர் 1997

மாரித் அவர்களுக்கு,

பள்ளிக்கூடக் கூட்டத்தில் டீச்சர் சொன்னது உங்களுக்குத் தேனாக இருந்திருக்கும். "தூவா இப்பல்லாம் வரி தவறுறது கொஞ்சம் கொறஞ்சிருக்கு. மாரித்துக்குத்தான் தாங்க்ஸ் சொல்லணும்." பெற்றவள் நான் அங்கே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். தோர்ஷ்டனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது கார் டயரைத் துடைத்துக்கொண்டிருந்த மனுஷன்!

வயிறு எரிகிறது. மறைப்பானேன்? என் பிள்ளை தேறினால் நான் சந்தோஷப்படக்கூட உங்கள் வழியாகத்தான் வர வேண்டுமா? என் வீட்டில் பயிற்சி கிடையாது. என் வாசற்படியை நீங்கள் மிதிக்கவும் வேண்டாம்.

சோல்வெய்க்

5 டிசம்பர் 1997

அன்புள்ள சோல்வெய்க்,

திட்டித் தீர்த்துவிட்டுச் செய்தும் வருகிறீர்களே! மிகவும் நன்றி. "அம்மாவும் தினம் செய்றா. உன் கையவிட அம்மா கை சூடா இருக்கும்" என்று தூவா சொன்னாள். கேட்டதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு கவலை. எப்பா நேற்று அவளைப் பரிசோதித்தார். இரண்டு வீட்டிலும் தினமும் செய்தும் இவ்வளவுதானா, அப்படியென்றால் இது இவளுக்கு உதவாது, நிறுத்திவிடலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்களைக் கேட்காமல் இந்தத் தடவை எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

உங்கள்
மாரித்

9 டிசம்பர் 1997

மாரித்,

நிறுத்தாதே. எப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. நான் ஒரு நாள்கூடச் செய்யவில்லை.

உன் கடிதம் வந்ததும் தூவாவைக் கேட்டேன். "ஏண்டி அப்படிச் சொன்ன?" பால் குடித்துக்கொண்டிருந்தவள் தம்ளரை வைக்காமலே சொன்னாள்: "நீ கெட்டவள்னு மாரித் நெனச்சிடக் கூடாதில்ல?" உன்மேல் இருந்த ஆத்திரத்தில் நான் பிள்ளையின் தலையில் என்ன சுமையை ஏற்றியிருக்கிறேன், பார்த்தாயா?

பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே, போகவில்லை. அவள் தலை உன் கையில் கிடப்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தாலே தாங்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வா. அது உன் வாரம்தான், இருந்தாலும் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. தோர்ஷ்டன் வேண்டாம். காப்பி போட்டு வைக்கிறேன். கையை எங்கே வைப்பது, எவ்வளவு மெதுவாகத் திருப்புவது என்று எனக்குக் காட்டிக் கொடு. எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்.

நீ வரப்போவதைத் தூவாவிடம் சொன்னேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ இனிமே நான் மாரித்கிட்ட பொய் சொல்ல வேணாம், இல்லம்மா?"

வேண்டாம் என்றேன்.

சோல்வெய்க்