வெள்ளைப் பணியாரம் கேட்காத அப்பத்தாவுக்கு

என் செல்ல அப்பத்தா,

நல்லா இருக்கியா? அங்கே மூட்டுவலி இல்லைதானே? இங்கே மார்கழி பிறந்துவிட்டது. கண்மாயில் பாதித் தண்ணீர்தான் நிற்கிறது. நீ இருந்திருந்தால் மாரியாயியிடம் சண்டைக்குப் போயிருப்பாய். “வருஷம் பூரா ஒனக்கு வெளக்கு ஏத்துறேன், ஒரு மழையக் காட்ட ஒனக்கு வலிக்குதா?” என்று கேட்டுவிட்டு, திட்டின வாயாலேயே அவளுக்குச் சூடமும் காட்டியிருப்பாய்.

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது. உன் கட்டிலைப் பிரித்துக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டோம். அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, ஆனாலும் நான் இன்னும் கட்டில் கிடப்பதுபோலச் சுற்றித்தான் நடக்கிறேன்.

முக்கியமான சேதி ஒன்று இருக்கிறது. நீ செத்த பிறகும் பேசுகிறாயாம், அது உனக்குத் தெரியுமா?

உனக்கு முப்பதாம் நாள் கும்பிட்ட அன்று நடந்தது. இலை போட்டு, புதுச்சேலை வைத்து, பங்காளிகள் எல்லாரும் சுற்றி நிற்க, அப்பா சூடம் ஏற்றினார். உன் மகள், என் அத்தை, ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார். திடீரென்று கொண்டை அவிழ்ந்து, உடம்பு நடுங்கி, “டேய் ராசு!” என்று அப்பாவைக் கூப்பிட்டார். அச்சு அசல் உன் குரல். ஒரு நிமிஷம் எனக்கே நீதானோ என்று இருந்தது.

“டேய் ராசு! எலையப் போட்டியே, எனக்கு வெள்ளப் பணியாரம் வச்சியாடா? எம் பேத்தி எங்கடா? அவள ஊரு தாண்ட விட்றாதீங்க. அவதான் எனக்கு வெளக்கு ஏத்தணும். அந்தப் பாசுபோட்டக் கொண்டாந்து சாமிப்பொட்டியில வைங்கடா!”

அவ்வளவுதான். பங்காளிப் பெரியப்பா ஒருத்தர், “பாத்தியா, செத்தும் பேத்திய விட மாட்டேங்குது” என்று கண்ணைத் துடைத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். அப்பா உள்ளே போய் என் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து, மஞ்சள் துணியில் சுற்றி, குலசாமியின் அரிவாளும் சலங்கையும் இருக்கிற பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது.

அந்தப் பெட்டி மாசி சிவராத்திரிக்குத்தான் திறக்கும். பொம்பளைகள் கை படக்கூடாது. நான் மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர வேண்டியதோ தை மாதம். புதுக்கோட்டை ஏஜென்ட், “மேடம், லேட் பண்ணீங்கன்னா வேற ஆளப் போட்டுருவாங்க” என்று போனில் சொல்லிவிட்டார். என்ன காரணம் என்று கேட்டார். எங்கள் அப்பத்தா விடவில்லை என்றேன். “பேசிப் புரிய வைங்க” என்றார். உன்னிடம் எங்கே வந்து பேச?

சாயங்காலம் ஆனால் நான்தான் விளக்கு ஏற்றுகிறேன். குன்றாண்டார்கோவில் போகிற பஸ் நம் வீட்டு முக்கில் ஹாரன் அடித்துத் திரும்பும், தெரியும் இல்லையா? அந்தச் சத்தம் கேட்டால் அடுப்படியில் நின்று காதைப் பொத்திக்கொள்கிறேன். ஜெயிலில்கூட எந்தக் குற்றத்துக்கு என்று சொல்லித்தான் உள்ளே தள்ளுவார்கள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீ படுக்கையில் விழுந்தபோது புதுக்கோட்டையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தேன். யாரும் சொல்லி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். நான் எழுந்தால், “எங்கிட்டுடி போற?” என்பாய். உட்கார்ந்தால் என் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தூங்குவாய். ஒண்ணுக்குப் போகவேண்டும் என்றால்கூட அதை மெல்ல உருவிக்கொண்டு போகவேண்டும். கோபம் வந்திருக்கிறது. உன் விரலைப் பார்த்ததும் போயும் இருக்கிறது.

அதனால்தான் முதலில் நானும் நம்பினேன். உயிரோடு இருந்தபோதே விடாதவள், இப்போது மட்டும் விடுவாளா?

பிறகு ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது சுரீர் என்றது.

நீ எப்படி அப்பத்தா வெள்ளைப் பணியாரம் கேட்பாய்?

தாத்தா பேர் வெள்ளைச்சாமி. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று ஊரில் எல்லாப் பெண்களும்தான் இருந்தார்கள். ஆனால் உன்னைப்போல யாரும் இல்லை. தாத்தா இளவயதிலேயே போய்விட்டார், நீ எண்பது வயதையும் தாண்டி வாழ்ந்தாய். பேர் என்ன, அதிலிருக்கிற ‘வெள்ளை’கூட உன் வாயில் வந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. சுவருக்கு வெள்ளை அடிப்பதைச் சுண்ணாம்பு பூசுவது என்பாய். வெள்ளிக்கிழமை உனக்கு மாரியாயி கெழமை. என் நர்ஸ் உடுப்பு பால்துணி. ஆதார் கார்டு எடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பேர் கேட்டபோது, அவர் சட்டையைத் தொட்டுக் காட்டி, “இந்தக் கலருய்யா, அதோட ஒரு சாமியச் சேத்துக்கங்க” என்றாயே! அவர் கடைசிவரை விழித்துக்கொண்டே எழுதினார்.

வெள்ளைப் பணியாரத்துக்கு நீ வைத்த பேர் சுண்ணாம்புப் பணியாரம். தீபாவளிக்கு வந்த அத்தையின் மாப்பிள்ளை வீட்டாரிடம், “சுண்ணாம்புப் பணியாரம் ரெண்டு வச்சுக்கங்க” என்று சொல்லி, அவர்கள் தொடாமலே எழுந்து போனதை நினைத்து அம்மா சாகும்வரை சிரித்தாள்.

அப்படிப்பட்டவள் செத்து முப்பது நாளில் வெட்கத்தை விட்டுவிட்டாயா? இல்லை, மேலே போய் தாத்தாவோடு சேர்ந்தபிறகு பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாயா?

மறுநாள் மத்தியானம் அத்தை அடுப்படியில் கோலமாவு சலித்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அத்த, அன்னைக்கு அப்பத்தா தாத்தா பேரச் சொல்லிருச்சு.”

“எப்படி?”

“வெள்ளப் பணியாரம் கேட்டுச்சுல்ல.”

சல்லடை நின்றுவிட்டது. உன் மகளின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும் அப்பத்தா. நான் அவரைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு ஒரு நொடிகூட நிற்கவில்லை.

“நடிக்கலடி,” என்றார் அத்தை. “மாரியாயி மேல சத்தியமா ஒடம்பு நடுங்குச்சு. ஆத்தா சேலையப் பாத்தேன், நடுங்கிருச்சு. பேச்சுதான் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல.”

மாவைக் கோதிக்கொண்டே சொன்னார்.

“புருஷன் வேணாம்னு விட்டுட்டுப் போனதுலேருந்து இந்த வீட்டுலதான் கெடக்குறேன். கொழம்புக்குப் புளி போதுமான்னு கூட எங்கிட்ட எவனும் கேட்டதில்ல. ஆத்தா இருந்த வரைக்கும் அதுகிட்டப் பேசுனேன். அதுக்கப்பறம் ஒங்கிட்ட. நீயும் போயிட்டா நான் யாருகிட்டடி பேச? நான் சொன்னா எவன் கேக்குறான்? ஆத்தா சொன்னா கேக்குறாங்க.”

எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை. அன்று இரண்டுபேரும் சேர்ந்து உட்கார்ந்து மாவு முழுவதையும் சலித்து முடித்தோம். அவ்வளவு மாவுக்கு இந்த மார்கழி பத்தாது.

உன் மகள் இதை யாரிடம் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். நீயும் வாயைத் திறக்க முடியாத வீட்டில்தான் மாட்டிக்கொண்டிருந்தாய். தாத்தா போனபோது அப்பா இடுப்பில், அத்தை வயிற்றில். கண்மாய்க்கு மேற்கே இருக்கிற கடலைக் கொல்லையைப் பங்காளிகள் ஏர் பூட்டி உழுதுவிட்டார்கள். யாரிடம் போய் அழுதாலும், தாலி அறுத்தவளுக்கு நிலம் எதுக்கு என்றார்கள். அந்த வருஷத் திருவிழாவில் உன்னைக் கடைசி வரிசையில் நிற்க வைத்தார்கள். அங்கேயிருந்துதான் நீ ஆடிக்கொண்டு முன்னால் வந்தாய். ஊரே சொல்கிற கதை. “எம் மகன் வெள்ளச்சாமி மண்ணுல எவன்டா ஏரு பூட்டுனது?” என்று நீ கேட்டாயாம். புருஷன் பேரை ஒரு பெண்டாட்டி சொல்வாளா? மாட்டாள். அப்படியானால் வந்திருப்பது மாரியாயியேதான். அப்படியே காலில் விழுந்துவிட்டார்கள். கொல்லை உன் கைக்கு வந்தது. அந்தக் கடலையில்தான் அப்பா படித்தார், அத்தைக்குக் கல்யாணம் நடந்தது, நான் நர்சிங் படித்தேன்.

அதற்குப்பிறகு ஒரு திருவிழாவிலும் உனக்கு அருள் வரவில்லை. உன் கால் பிடித்துவிடும்போது நான் கேட்டிருக்கிறேன், “அன்னைக்கு வந்தது மாரியாயிதானா அப்பத்தா?” என்று. நீ பொக்கை வாயால் சிரித்தாய். “யாரு வந்தா என்னடி? நெலம் நின்னுச்சுல்ல” என்றாய். எனக்கு அப்போது அது பதிலாகவே படவில்லை. இப்போதும் தெரியவில்லை. வந்தது அவளா, நீயா? இல்லை, அத்தை சொல்வதுபோல உனக்கே தெரியாதா?

இன்று காலையில் அப்பாவிடம் போனேன். கொல்லையில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“அப்பா, பாஸ்போர்ட் வேணும்ப்பா.”

மடையைத் திருப்பி விட்டுவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“நானா மாட்டேங்குறேன் தாயி? ஒன்னய அனுப்பணும்னுதான் எனக்கும் ஆச. ஆத்தா வந்து அப்படிச் சொன்னதுக்கு அப்பறம் நானாப் பொட்டியத் தொறந்தா பங்காளிக என்னய நிக்க வச்சுக் கேக்க மாட்டாங்களா? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா, சாமி குத்தம்னுதான சொல்லுவாங்க?”

“அப்ப நான் என்னதாம்ப்பா செய்ய?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“நாளைக்கு அமாவாச. எல்லாரும் வருவாங்க. ஒம்மேல ஆத்தா வந்து, ‘போகட்டும் விடுங்கடா’ன்னு ஒரு வார்த்த சொல்லுச்சுன்னா, அங்கனயே தொறந்து குடுத்துருவேன்.”

“வந்தாத்தானப்பா?”

“வர வச்சுக்கிறதுதான்.”

பார்த்தாயா உன் மகனை? சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு, திறக்கிறதற்குச் சாக்குத் தேடுகிறார். அத்தைக்குப் பேச உன் வாய் வேண்டியிருக்கிறது. அப்பாவுக்குக் கேட்க உன் பேச்சு வேண்டியிருக்கிறது. நீ போன பிறகு இந்த வீட்டில் யாருக்கும் சொந்தமாக ஒரு நாக்கு இல்லை.

திரும்பி வந்து குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உன் குரலில் பேசிப் பார்த்தேன். “டேய் ராசு!” என்றேன். சிரிக்காதே, நன்றாகவே வந்தது. உன் இழுப்பு, உன் இருமல், எல்லாமே என்னிடம் இருக்கிறது. உன் பக்கத்திலேயே கிடந்தவள் இல்லையா? அத்தை செய்த தப்பையும் நான் செய்யமாட்டேன். அந்த ஒரு சொல் வராமல் நாள் முழுக்கப் பேச எனக்குத் தெரியும். சுண்ணாம்புப் பணியாரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பங்காளிகள் எல்லாரும் நீயேதான் என்று விழுந்து கும்பிடுவார்கள். நாளை மறுநாள் நான் பஸ் ஏறிவிடலாம்.

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது தடவை கூப்பிட்டேன். அழுகை வந்துவிட்டது. உன் குரல் கேட்ட ஆசையில் வந்த அழுகையா, பயமா என்று தெரியவில்லை.

யோசித்துப் பார் அப்பத்தா. நாளை நீ சொல்லி நான் போனேன் என்றால், அடுத்த அமாவாசைக்கு நீ சொல்லி நான் திரும்பி வரவேண்டியதுதானே? அத்தை மேல் வருவாய், பெரியப்பா மேல் வருவாய். மஸ்கட்டில் நைட் டூட்டியில் இருக்கும்போது போன் வரும், உன் அப்பத்தா இறங்கி உன்னைத்தான் கேட்கிறாள் என்று. பெட்டியிலிருந்து பாஸ்போர்ட் வெளியே வரும், நான் உள்ளேயே இருப்பேன்.

நீ ஆடியதை நான் தப்பென்று சொல்லவில்லை. உனக்கு வேறு வழி விடவில்லை. ஆனால் என்னை நீ படிக்க வைத்தாய். பெரிய டாக்டரிடமே, “சார், இந்த மருந்து இவருக்குச் சேராது” என்று நிமிர்ந்து சொன்னவள் நான். பெற்ற அப்பாவிடம் பேச எனக்கு எதற்கு இன்னொரு வாய்?

உண்மையில் நீ என்ன நினைத்தாய் என்பது எனக்குத் தெரியாது. நான் போகக்கூடாது என்றுதான் நினைத்திருப்பாயோ என்னவோ. அப்படித்தான் என்றாலும் நான் போகத்தான் வேண்டும். இதை உனக்குச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஆகவே ஒரு சத்தியம். நாளைக்குப் படையல் முடிந்து எல்லாரும் நிற்கும்போது அப்பாவின் முன்னால் போய் நிற்பேன். முடியை அவிழ்க்கமாட்டேன். “அப்பா, எம்மேல யாரும் வரல. நாந்தான் பேசுறேன். எனக்குப் போகணும், சாவியக் குடுங்க” என்று கேட்பேன். பணியாரத்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன், அத்தையைக் காட்டிக் கொடுக்கமாட்டேன். நாளைக்குக் கொடுக்கவில்லை என்றால் மறுநாளும் கேட்பேன். அந்த வேலை கைவிட்டுப் போனாலும், மாசி வரைக்கும் தினமும் என் குரலிலேயே கேட்பேன். போன பிறகு தினமும் அத்தையோடு போனில் பேசுவேன், நீயாக இல்லாமல் உன் மகளாகவே பேசச் சொல்லி.

ஆடமாட்டேன் அப்பத்தா, நின்று பேசுவேன். நீ வருவதாக இருந்தால் வா, வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிரு. நீ ஒன்றும் பேச வேண்டாம்.

உன் மகன் வயிற்றுப் பேத்தி,
மீனா