நீ சொன்ன உயரம்

நேற்று போடி கடைத்தெருவில் என் தங்கை குழந்தைக்குப் பவுடர் வாங்கப் போனேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்து நீட்டியதும், அந்த வாசனையோடு நீயும் வந்து நின்றாய். விமான நிலையக் கோபுரத்தில் நாள் முழுக்க ஹெட்போன் மாட்டியிருப்போம். வேர்வையில் காது வெந்துபோகும். உன் ஹெட்போனின் ரப்பரில் பவுடர் தூவிக்கொண்டு, கேட்காமலே என்னுடையதிலும் தூவுவாய். ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நீ போடிக்காரன், நான் அனுமந்தன்பட்டி. யுத்தத்துக்குப் பெரியகுளத்தில் ஆள் எடுத்தபோது ஒரே வரிசையில் நின்றோம். ஒன்றாகவே வயர்லெஸ் கற்றோம். யுத்தம் முடிந்ததும் பயணிகள் விமானம் வந்துபோகும் ஒரு நிலையத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது. எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்று நீ சொல்வாய். அதை வயர்லெஸ்ஸில் விமானிக்குச் சொல்வது என் வேலை. "நாம இங்கன பேசுறத அங்கன ஆகாசத்துல கேட்டு நடக்குறாகடா" என்று சொல்லிச் சிரிப்பாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று பிற்பகல் நல்ல மழை. இறங்க முடியாமல் இரண்டு விமானங்கள் மேகத்துக்குள் வட்டமடித்தன. முதல் விமானத்தை நாலாயிரம் அடியில் நிறுத்தியிருந்தாய். இரண்டாவதற்கு ஐயாயிரம் என்று சொல்லியிருக்க வேண்டும். "நாலாயிரம்" என்றாய். நான் திரும்பிப் பார்த்தேன்.

"நாலா?"

"ஆமாடா, நாலு. சொல்லு."

சொன்னேன். அன்று உன் நினைப்பு வேலையில் இல்லை. ஊரில் உன் மனைவிக்குப் பேறுகாலம். தந்தி வருமா என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மேகம் சற்று விலகியபோது ஒரு விமானியின் கண்ணெதிரே மற்ற விமானம் நின்றது. அவர் தன் விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கித் தப்பித்தார். உள்ளே பெட்டிகள் சரிந்தன, குழந்தைகள் அலறின. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டும் இறங்கிய பிறகு அந்த விமானி நம் கோபுரத்தின் மேலே ஏறி வந்தார். மூன்று குச்சி கிழித்தும் அவர் சிகரெட் பற்றவில்லை. அதை நம் மேசையில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

விசாரணையில் மேலதிகாரி உன்னைத்தான் முதலில் கேட்டார். நீ எழுந்து நின்று, "நான் ஐயாயிரம் என்றுதான் சொன்னேன். அவர் தவறாக அனுப்பிவிட்டார்" என்றாய். நான் அனுப்பியது நாலாயிரம் என்று விமானிகளே சாட்சி சொன்னார்கள். நீ சொன்னதற்கு என் காதைத் தவிர வேறு சாட்சி இல்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வேலை போய் ஊருக்கு வந்தேன். அப்பா வயலில் மடை திறந்துகொண்டிருந்தார்.

"ஏலே, நீயா தப்பாச் சொன்ன?"

"இல்லப்பா. அவன் சொன்னதத்தான் சொன்னேன்."

"பெறகு அவன் ஏன் அப்படிச் சொன்னான்? நம்ம வீட்ல சோறு தின்ன பயலாச்சே."

அதைக் கேட்க மனமிருந்தும் உன்னைத் தேடி வரக் கால் எழவில்லை.

அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் நீயே எதிர்ப்பட்டாய். தோளில் உன் மகன். உன் மனைவி தீச்சட்டி எடுப்பவர்களைப் பார்த்தபடி தள்ளி நின்றாள்.

"நாலுன்னுதானடா சொன்ன?" என்றேன்.

நீ மறுக்கவில்லை. "எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குடா. அந்த வேலை போனா எங்க போவேன்? ஒனக்கு நெலம் இருக்கு, எப்படியும் பொழச்சுக்கிருவ."

அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். அந்த அறையில் எழுந்து நிற்பதற்கு முன்பே என் நிலத்தைக்கூட நினைத்துப் பார்த்திருக்கிறாய். தவறு யாருக்கும் வரும். நீ 'நாலு' என்றதை நான் அன்றே மன்னித்துவிட்டேன். விசாரணையில் 'ஐந்து' என்றதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு, துட்டி கேட்க உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி அழுது ஓய்ந்த குரலில் சொன்னாள்:

"அண்ணே, அவுக ஒங்களப் பத்தி ஒரு நாளும் கொறவாப் பேசுனதில்ல. 'பாவம், தெரியாமப் பண்ணிட்டான்'னுதான் சொல்லுவாக. நானும் மனசுல ஒண்ணும் வச்சுக்கிறலண்ணே."

என்னை மன்னித்தாள், உன் மனைவி. நீ வீட்டிலும் அதையே சொல்லி வைத்திருந்தாய். உன் மகன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். "சரிம்மா" என்று எழுந்து வந்தேன்.

என்றைக்காவது ஒரு நாள் என் வாசலுக்கு வந்து, "நான்தான்டா சொன்னேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்வாய் என்று இருந்தேன். அந்த எண்ணத்துக்கும் இனி இடமில்லை. உன் மகன் நான்தான் தவறு செய்தேன் என்று கேட்டுத்தான் வளர்வான். அவனிடம் நான் மறுத்துச் சொல்லப்போவதில்லை, உனக்காக அல்ல. அவனுக்கு மிஞ்சியிருப்பது அவன் அம்மா சொல்கிற அப்பா ஒருவர்தான். அவரையும் நான் பறிக்க வேண்டாம். நடந்தது என்னோடு இருக்கட்டும். கனக்கத்தான் செய்கிறது.